ஷேக்கல் வரைவுக்குக் கருத்து எழுதுவது எப்படி: கையில் ஒரு தோட்டத்துப் பட்டியல் இருந்தால் போதும்

ஒரு சனிக்கிழமை மாலை, சுங்கை சிப்புட்டில் ஒரு கோப்பிக் கடை. நானும் நண்பர்கள் இருவரும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கள் வட்டாரத்துத் தோட்டங்கள், தோட்டத்துக் கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள் என்று நாலைந்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்த தரவை முதல்முறையாக ஷேக்கல் வைத்துச் சரிபார்த்தோம். ஷேக்கல் (SHACL) என்பது, தரவு நாம் எழுதிய விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பதற்கான தரநிலை. அறிக்கை வந்தது. தரவு விதிகளுக்கு இணங்குகிறது, ஒரு பிழைகூட இல்லை. ஆளுக்கு ஒரு ரொட்டி சானாய் கூடுதலாகச் சொன்னோம். அப்போதுதான் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணன் ஒருவர் கேட்டார்: "ஏன்டா, கோயில் கட்டின வருசம்னு போட்டிருக்கிற இடத்துல ‘ஜப்பான்காரன் காலத்துக்கு முன்’னு எழுதியிருக்கே, இதை எப்படி விட்டுச்சு?"

விட்டதற்குக் காரணம் அற்பமானது. தரவில் வகுப்பின் பெயர், அதாவது கோயில், பள்ளி என்று பொருளின் வகையைச் சொல்லும் ஆங்கிலப் பெயர், பெரிய எழுத்தில் தொடங்குகிறது, நாங்கள் எழுதிய விதியில் சின்ன எழுத்தில். அதனால் விதிக்கு இலக்கே கிடைக்கவில்லை. இலக்கு இல்லையென்றால் சோதிக்க எதுவும் இல்லை, சோதிக்க எதுவும் இல்லையென்றால் பிழையும் இல்லை, பிழை இல்லையென்றால் ‘இணங்குகிறது’. தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக் களத்துக்கு ஒருவர்கூட வராத நாளில், இன்றைக்கு யாரும் மட்டம் போடவில்லை என்று கிராணி எழுதி வைத்த மாதிரி.

எனக்கு வந்த கோபத்தில் அன்றிரவே தரநிலையை எழுதுகிற குழுவுக்கு ஒரு கருத்து எழுதினேன். "உங்கள் தரநிலை தவறு, ஒன்றையும் சோதிக்காமலே சரி என்கிறது" என்று தொடங்கி நான்கு பத்தி. நல்ல வேளை, அனுப்பவில்லை. மறுநாள் ஆவணத்தை ஒழுங்காகப் படித்தபோதுதான் அது எழுதி வைத்தபடியே நடந்திருக்கிறது என்று தெரிந்தது. அதன் பிறகு படித்து, முயன்று, சிலதை அனுப்பி, பலதை அழித்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். இதற்கு நீங்கள் பெரிய நிபுணராக இருக்கத் தேவையில்லை. வரைவு எழுதுகிறவர்களிடம் அறிவுக்குப் பஞ்சம் கிடையாது. அவர்களிடம் இல்லாதது உங்கள் தரவு, அதாவது தமிழில் பெயர் உள்ள, அப்பா பெயரைத் தவிர வேறு குடும்பப்பெயர் தெரியாத, மூன்று மொழியில் மூன்று பெயர் தாங்கிய நம்மூர்த் தரவு.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இணைப்புத் தரவில் ஒவ்வொரு செய்தியும் மூன்று துண்டாக இருக்கும்: இந்தத் தோட்டம், இருக்கும் மாவட்டம், கோலகங்சார். அவ்வளவுதான் ஆர்டிஎஃப். ஆர்டிஎஃப் எதையும் தடுக்காது, ஒரே தோட்டத்துக்கு நான்கு தொடக்க ஆண்டு கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்குக் காவல்காரன் வேண்டும் என்றுதான் ஷேக்கல் வந்தது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை 2017 ஜூலை 20 அன்று பரிந்துரையாக, அதாவது முடிந்த தரநிலையாக, வெளியிட்டது. இதே வேலைக்கு ஷெக்ஸ் என்று இன்னொரு மொழியும் இருக்கிறது, அது வேறு கதை. 2025 முதல் ஷேக்கல் 1.2-க்கான வரைவுகள் வெளிவர ஆரம்பித்திருக்கின்றன. வரைவு என்றால் இன்னும் கெட்டியாகவில்லை என்று அர்த்தம், மங்கில் இருக்கும் ரப்பர் பால் மாதிரி. கட்டிப்போன பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் அடுத்த பதிப்புக்குத்தான்.

படிக்கும் முறை

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க உட்காராதீர்கள். நான் அப்படித்தான் உட்கார்ந்தேன், மூன்றாவது பகுதியிலேயே தூங்கிவிட்டேன். ஆவணத்தின் தலைப்பக்கத்தில் ‘இந்த ஆவணத்தின் நிலை’ என்று ஒரு பத்தி இருக்கும். எல்லாரும் தாண்டிப் போகிற பத்தி அது. அதை மட்டும் கட்டாயம் படியுங்கள், இது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கருத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்று அதில்தான் போட்டிருக்கும். பிறகு, வெளியிட்ட வரைவு ஒன்று, பதிப்பாசிரியர்கள் அன்றாடம் திருத்திக்கொண்டிருக்கும் வரைவு ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டாவதைத் திறந்து பாருங்கள். நீங்கள் கண்டுபிடித்த பிழையைப் போன வாரமே யாரோ சரிசெய்திருக்கலாம்.

அப்புறம் உங்கள் தரவில் உண்மையாகவே பயன்படுத்தும் கட்டுப்பாடுகள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுக்கு ஆறுதான்: மின்கவுன்ட் (குறைந்தது எத்தனை மதிப்பு), மேக்ஸ்கவுன்ட் (அதிகபட்சம் எத்தனை), டேட்டாடைப் (மதிப்பின் வகை), பேட்டர்ன் (எழுத்து அமைப்பு), மேக்ஸ்லெங்த் (அதிகபட்ச நீளம்), யூனிக்லாங் (மொழிக்கு ஒரே மதிப்பு). அந்த ஆறு பகுதிகளை மட்டும் ஒரு வழக்கறிஞர் கிரயப் பத்திரம் படிக்கிற மாதிரி படித்தோம். ஆறு பகுதியை ஆழமாகப் படித்தவரின் கருத்து, அறுபது பக்கத்தை மேய்ந்தவரின் கருத்தைவிடப் பயன்படும். இது என் அபிப்பிராயம், ஆனால் உறுதியான அபிப்பிராயம்.

படிக்கும்போது எந்த வாக்கியத்துக்குச் சட்ட பலம், எது வெறும் விளக்கம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற குறிப்புதான் இதற்கு அடிப்படை. ‘மஸ்ட்’ என்று பெரிய எழுத்தில் இருந்தால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இல்லாமல் மீறக்கூடாது, ‘மே’ என்றால் உங்கள் விருப்பம். சின்ன எழுத்தில் வந்தால் சாதாரணச் சொல்தான் என்று 2017-இல் ஆர்எஃப்சி 8174 தெளிவுபடுத்தியது. 2017 ஷேக்கல் ஆவணத்தில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் சொற்களில் ஒரு வரையறை உண்டு, பலவற்றுக்கு அதன் கீழே ஸ்பார்க்கிளில், அதாவது ஆர்டிஎஃப் தரவைத் தேடும் வினவல் மொழியில், இன்னொரு வரையறையும் தனிப் பெட்டியில் உண்டு. சொற்களில் உள்ளதே அதிகாரபூர்வமானது, ஸ்பார்க்கிள் பெட்டி தகவலுக்குத்தான் என்று ஆவணத்திலேயே போட்டிருக்கும். இரண்டும் வேறு வேறு சொல்கின்றன என்று கண்டுபிடித்தால், அது தங்கம். உடனே எழுதுங்கள்.

சொல்லாமல் விட்டதையும் பாருங்கள். ஒரு விதி தன்னையே சுற்றிக் குறிப்பிட்டால் என்ன செய்வது என்பதை 2017 பதிப்பு வரையறுக்கவே இல்லை, கருவி செய்கிறவர்களிடம் விட்டுவிட்டது. அது தெரிந்தே விட்டது, அப்படி என்று எழுதியும் வைத்திருக்கிறது. தெரியாமல் விட்ட இடங்கள்தான் உங்கள் வேட்டைக்காடு.

தவறு யாருடையது?

இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறோம். சரிபார்ப்பு எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்றால் ஐந்து பேர்மேல் சந்தேகப்படலாம்: உங்கள் விதி, உங்கள் தரவு, நீங்கள் பயன்படுத்தும் சொற்களஞ்சியம், கருவி, கடைசியாகத்தான் வரைவு. வரிசையாக விசாரித்துக்கொண்டு வாருங்கள்.

நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பெயருக்கு டேட்டாடைப் சாதாரணச் சரம் (வெறும் எழுத்துத் தொடர்) என்று விதி எழுதியிருந்தோம். தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் அடிவாங்கின. தமிழுக்கு எதிரான சதியோ என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. ஆனால் ஒரு சொல்லுக்கு மொழிக்குறி போட்ட அந்தக் கணத்திலேயே ஆர்டிஎஃப் கணக்கில் அதன் வகை ‘லாங்ஸ்ட்ரிங்’ ஆகிவிடுகிறது, அது சாதாரணச் சரம் இல்லை. ஆங்கிலப் பெயர்களுக்கு நாங்கள் மொழிக்குறியே போடவில்லை, அதனால் அவை தப்பின. எங்கள் தவறு.

அடுத்தது ஆள் பெயர். பள்ளியின் பழைய தலைமையாசிரியர் பட்டியலில் பெயருக்கு எழுத்தும் இடைவெளியும் மட்டும் என்று ஒரு பேட்டர்ன் போட்டோம். நம் அடையாள அட்டைப் பெயர்களில் அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான் என்பதைச் சுருக்கி நடுவில் ஒரு சாய்கோடு வருமே, அது மாட்டிக்கொண்டது. இதுவும் எங்கள் தவறுதான். ஆனால் வெளியிலிருந்து எடுத்த ஒரு விதித் தொகுப்பில் குடும்பப்பெயருக்கு மின்கவுன்ட் ஒன்று என்று இருந்தது பாருங்கள், அது எங்கள் தவறு இல்லை, ஷேக்கலின் தவறும் இல்லை. அந்தத் தொகுப்பை எழுதினவர் உலகத்தில் எல்லாருக்கும் குடும்பப்பெயர் இருக்கும் என்று நினைத்துவிட்டார். புகார் அங்கே போக வேண்டும்.

யூனிக்லாங் விஷயம் இன்னும் சுவாரசியம். ஒரு மொழிக்கு ஒரே பெயர்தான் இருக்கலாம் என்று அது கட்டுப்படுத்தும். நம் தோட்டங்களுக்குத் தமிழிலேயே இரண்டு பெயர். ஒன்று, பலகையில் இருக்கும் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதியது. இன்னொன்று, சனங்கள் வைத்தது. சடக்கு ஓரத்தில் கம்பி வேலி இருந்ததற்காக ஒன்று, பழைய துரையின் தொப்பிக்காக ஒன்று. வயசானவர்களிடம் முதல் பெயரைச் சொன்னால் எந்தத் தோட்டம் என்றே தெரியாது. இரண்டையும் ஒரே பெயர்ப் புலத்தில் போட்டோம், யூனிக்லாங் கத்தியது. கருத்து எழுதலாம் என்று உட்கார்ந்தபோது நண்பர் சொன்னார், ஸ்காஸ் என்ற தரநிலையில் 2009-லிருந்தே இதற்கு வழி இருக்கிறது, முதன்மைப் பெயர் மொழிக்கு ஒன்று, மாற்றுப் பெயர் எத்தனை வேண்டுமானாலும் என்று. சரி, அதுவும் போனது. எது முதன்மைப் பெயர் என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை தீரவில்லை. அதை எந்தத் தரநிலையும் தீர்க்காது.

ஆனால் அந்த விசாரணையில் ஒன்று கிடைத்தது. தமிழ் என்று ஒரு பெயருக்கும், மலேசியத் தமிழ் என்று நாட்டுக்குறியோடு இன்னொரு பெயருக்கும் போட்டால், யூனிக்லாங் இரண்டையும் வேறு வேறு மொழியாக எண்ணிச் சும்மா விட்டுவிடுகிறது. எந்தெந்த மொழி வரலாம் என்று சொல்லும் லாங்குவேஜ்இன் கட்டுப்பாட்டிலோ தமிழ் என்று அனுமதித்தால் மலேசியத் தமிழும் அதற்குள் அடங்கிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டுப்பாடுகள் இரண்டு, ஒரே மொழிக்குறியை இரண்டு விதமாகப் பார்க்கின்றன. இரண்டுக்கும் ஆவணத்தில் ஆதாரம் இருக்கிறது, பிழை என்று சொல்ல முடியாது. படிப்பவர் குழம்புவார், ஒரு குறிப்பு சேர்த்தால் நல்லது என்று தாராளமாகச் சொல்லலாம்.

கருவிமேல் சந்தேகம் வந்தால் இன்னொரு கருவியில் போட்டுப் பாருங்கள். பைஷேக்கல் ஒன்று, அப்பாச்சி ஜெனா ஒன்று, இரண்டும் இலவசம். இரண்டும் ஒரே பதில் சொன்னால் கருவியை விட்டுவிடலாம். இரண்டும் வேறு வேறு சொன்னால் ஒன்றில் பிழை இருக்கலாம், அல்லது வரைவின் வாக்கியத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்திருக்கலாம். இந்த இரண்டாவது வகைதான் வரைவு எழுதுகிறவர்களுக்குத் தேவையானது, ஏனென்றால் தனித்தனியாக எழுதின கருவிகள் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்று காட்டித்தான் ஒரு தரநிலை கடைசிக் கட்டத்தைத் தாண்ட முடியும்.

ஒரு சொல்லை அறுத்துப் பார்ப்போம்

எங்களிடமிருந்து உருப்படியாக வந்த கருத்து ‘தோட்டம்’ என்ற சொல்லிலிருந்து கிளம்பியது. எண்ணுங்கள்: தோ, ட், ட, ம். பள்ளிக்கூடப் பிள்ளைகூட நான்கு எழுத்து என்று சொல்லும். கணினி ஏழு என்கிறது. த தனி, ஓகாரக் குறி தனி, ட தனி, புள்ளி தனி, மறுபடி ட, ம, புள்ளி. ஷேக்கலின் மேக்ஸ்லெங்த் நீளத்தைத் தானாக அளப்பதில்லை, ஸ்பார்க்கிளின் எஸ்டிஆர்லென் என்ற செயற்கூறு எப்படி அளக்கிறதோ அப்படி என்று கைகாட்டிவிடுகிறது. அது யூனிக்கோடு குறிகளைத்தான், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் துண்டுகளைத்தான் எண்ணும், நம் எழுத்தை இல்லை.

இதனால் என்ன நட்டம்? கோயில் பெயர்ப் பட்டியலைச் சின்ன அட்டையில் அச்சடிக்க வேண்டும், பெயர் 20 எழுத்துக்குள் இருக்கட்டும் என்று மேக்ஸ்லெங்த் 20 போட்டோம். ‘ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம்’ விழுந்துவிட்டது. ஸ்ரீயை ஓரெழுத்தாக வைத்துக்கொண்டு இடைவெளியையும் சேர்த்துக் கையால் எண்ணினால் 16, அட்டையில் தாராளமாக இடம் இருக்கிறது. கணினிக் கணக்கில் 25. ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களுக்கு இந்தச் சிக்கல் வரவே வராது, அதனால் ஆங்கில எடுத்துக்காட்டுகளை மட்டும் வைத்து எழுதின வரைவில் இது யார் கண்ணிலும் படாது.

அதைவிட மோசம் ஒன்று. ‘தோட்டம்’ என்பதை வேறொரு விசைப்பலகையில் அடித்தால் ஓகாரக் குறி ஒன்றாக வராமல் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக வந்து சேரலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. எண்ணினால் இப்போது எட்டு. ஆர்டிஎஃப் இரண்டு சொற்களைக் குறிக்குக் குறி ஒப்பிடுவதால் இரண்டும் வேறு வேறு சொல் ஆகிவிடுகின்றன. பட்டியலில் இந்த மதிப்புதான் இருக்கலாம் என்று விதி போட்டால், கண்ணுக்கு அதே சொல் இருந்தும் தோற்கும். ஆளைக் கூப்பிட்டு "பாருங்க, அதே சொல்தானே" என்று திரையைக் காட்டினால் அவரும் தலையைச் சொறிவார். நாங்கள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதில் தொலைத்தோம். 2014-இல் வந்த ஆர்டிஎஃப் 1.1, சொற்கள் என்எஃப்சி என்ற சீரான வடிவத்தில் ‘இருக்க வேண்டும்’ என்று சொல்கிறது, ஆனால் ‘ஷுட்’தான், ‘மஸ்ட்’ இல்லை. என்எஃப்சிக்கு மாற்றினால் கொம்பும் காலும் ஒன்றாகிவிடும், அதனால் தரவை ஏற்றும்போதே மாற்றிவிட்டால் இந்த நோய் தீரும்.

தீராத நோய் ஸ்ரீ. இதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிக்கோடு 4.1-இல் சேர்த்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். இவை இரண்டும் வேறு வேறு எழுத்து என்பதால் என்எஃப்சி தொடவே தொடாது. தோட்டத்துக் கோயில்களில் பாதி ஸ்ரீயில்தான் தொடங்குகின்றன, நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதில் எதை ஷேக்கல் குழுவிடம் கேட்பது? நீளத்தின் அர்த்தத்தையே மாற்றுங்கள் என்று கேட்கலாம், நடக்காது. 2017-லிருந்து எழுதி வைத்த விதிகள் அத்தனையும் இரவோடு இரவாக வேறு பதில் சொல்ல ஆரம்பிக்கும், யார் சம்மதிப்பார்கள்? எஸ்டிஆர்லென் ஸ்பார்க்கிளுடைய பிள்ளை, என்எஃப்சி பற்றிய வாக்கியம் ஆர்டிஎஃப் உடையது, ஸ்ரீ யூனிக்கோடு உடையது. ஷேக்கல் வீட்டுக் கதவைத் தட்டி இதையெல்லாம் கேட்டால் "பக்கத்து வீடு" என்றுதான் சொல்வார்கள், அது நியாயமும்கூட. ஷேக்கலிடம் கேட்கக்கூடியது: மேக்ஸ்லெங்த் பகுதியில் ஒரு குறிப்பு, சோதனைத் தொகுப்பில் ஒரு தமிழ்ச் சோதனை. சின்னதாகக் கேளுங்கள். சின்னதாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம், கிடைத்தது நிலைத்தும் இருக்கும்.

எழுதுவது

முதலில் தமிழிலேயே எழுதிவிடுங்கள். நேரடியாக ஆங்கிலத்தில் உட்கார்ந்தால், தெரிந்த ஆங்கில வாக்கியங்களுக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் கருத்தும் வரும். தமிழில் தெளிவாக எழுதிய பிறகு மொழிபெயருங்கள், உடைந்த ஆங்கிலமானாலும் பரவாயில்லை. வரைவுக் குழுவில் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்குக் குறைவில்லை. இலக்கணப் பிழையை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள், தெளிவில்லாததைத்தான் பொருட்படுத்துவார்கள்.

என் முதல் முயற்சி, அதுவும் அனுப்பாதது, இப்படி இருந்தது: "மேக்ஸ்லெங்த் தமிழுக்கு வேலை செய்யவில்லை. இது ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்கு அநீதி. தயவுசெய்து சரிசெய்யவும்." இதைப் படிக்கிறவர் என்ன செய்ய முடியும்? எந்தப் பதிப்பு, எந்த வாக்கியம், என்ன தரவு, எப்படிச் சரிசெய்ய? ஒன்றும் இல்லை. கோபம் நியாயமாக இருக்கலாம், ஆனால் கோபத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்று அவருக்குத் தெரியாது.

பிறகு எழுதியது: "இன்ன தேதியிட்ட வரைவில், மேக்ஸ்லெங்த் பகுதியின் சொல்வரையறை பற்றி. ‘தோட்டம்’ என்ற சொல்லைத் தமிழ் படிப்பவர் நான்கு எழுத்தாக எண்ணுவார். மேக்ஸ்லெங்த் 4 என்ற விதியில் இது மீறலாக வருகிறது, ஏனென்றால் எஸ்டிஆர்லென் ஏழு தருகிறது. இரண்டு கருவிகளில் ஓட்டினோம், இரண்டும் அதே பதில். வரையறைப்படி இது சரியான நடத்தை என்று புரிகிறது, மாற்றச் சொல்லவில்லை. விதி எழுதுபவருக்கு இது தெரியாமல் போக வாய்ப்பிருப்பதால், நீளம் என்பது குறிகளின் எண்ணிக்கை, படிப்பவர் காணும் எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல என்று ஒரு வரிக் குறிப்பு சேர்க்கப் பரிந்துரைக்கிறோம். தரவும் விதியும் கீழே." அதன் கீழே மூன்று வரித் தரவு, ஐந்து வரி விதி. ஒட்டி ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

வித்தியாசம் தெரிகிறதா? எங்கே, என்ன போட்டோம், என்ன வந்தது, என்ன எதிர்பார்த்தோம், என்ன கேட்கிறோம். இந்த வரிசையை நான் இன்றைக்கும் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். ‘வரையறைப்படி சரி என்று புரிகிறது’ என்ற வாக்கியத்துக்குத் தனி மதிப்பு உண்டு, நீங்கள் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று அது ஒன்றே சொல்லிவிடும்.

ஒரு கருத்தில் ஒரு விஷயம்தான். தோட்டம், ஸ்ரீ, யூனிக்லாங் மூன்றையும் ஒன்றாகப் போட்டால், ஒன்றுக்குப் பதில் கிடைத்து மற்ற இரண்டும் அதன் அடியில் புதைந்துவிடும். எழுத்துப்பிழைகள் மட்டும் விதிவிலக்கு, அவற்றைச் சேர்த்து ஒரே மூட்டையாகக் கொடுக்கலாம். அனுப்புவதற்கு முன், வரைவு பற்றிய விவாதங்கள் நடக்கும் கிட்ஹப் தளத்தில் பழைய விவாதங்களைத் தேடுங்கள், மூடியவற்றையும் சேர்த்து. ஏற்கெனவே யாராவது கேட்டிருந்தால் அதன் கீழேயே உங்கள் எடுத்துக்காட்டைச் சேருங்கள். "எனக்கும் இதே பிரச்சினை" என்று மட்டும் எழுதுவதில் பிரயோசனம் இல்லை, உங்கள் தரவையும் வைத்தால்தான் எடை.

தரவைக் காட்டும்போது ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறக்காதீர்கள். நீங்கள் எழுதுவது பொதுவில் நிற்கும், காலத்துக்கும் நிற்கும். நண்பர் ஒருவர் பேட்டர்னைச் சோதிக்கத் தன் சொந்த அடையாள அட்டை எண்ணையே ஒட்டப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். நம் அட்டையின் 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். முழு வாழ்க்கைக் குறிப்பு. முகவரிகளுக்கு எக்ஸாம்பிள் டாட் ஆர்க் என்ற பெயரைப் பயன்படுத்துங்கள், எடுத்துக்காட்டுகளுக்காகவே ஒதுக்கி வைத்தது அது, யாருக்கும் விற்கமாட்டார்கள். ஆள் பெயருக்குப் பதில் கோயில் பெயர் போடுங்கள், அம்மன் வழக்குப் போடமாட்டாள்.

இன்னொன்று, சட்டச் சமாசாரம். பிரச்சினையைச் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் தரநிலையின் உள்ளடக்கத்தையே மாற்றுகிற அளவுக்கு நீங்களே வாக்கியம் எழுதி, அதை அப்படியே சேர்க்கச் சொல்லும் புல் ரிக்வெஸ்ட்டாகக் கொடுத்தால், காப்புரிமை தொடர்பாக ஓர் உறுதிமொழி கேட்பார்கள். எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு அது வராது. பயப்பட ஒன்றுமில்லை, வேலை பார்க்கும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பதில் வந்த பிறகு

உடனே வராது. குழுவில் இருப்பவர்களுக்கும் வேறு வேலை இருக்கிறது. வாரம் ஒருமுறை "என்ன ஆச்சு?" என்று கேட்டு நிற்காதீர்கள். ஆனால் பரிந்துரைக் கட்டத்தை நெருங்குவதற்கு முன், வந்த கருத்துகளை எப்படிக் கையாண்டோம் என்று குழு காட்டியாக வேண்டும், அதனால் முன்கூட்டியே அனுப்பிய உருப்படியான கருத்து தொலைந்துபோக வாய்ப்புக் குறைவு. கடைசி நேரத்தில் அனுப்பினால் நல்ல கருத்தும் அடுத்த பதிப்புப் பட்டியலில் போய் உட்காரும்.

பதிலில் கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் சொல்லுங்கள், ஒரு வரியானாலும். பாதி விவாதங்கள் செத்துப்போவது கேட்டவர் காணாமல் போவதால்தான். மாற்றம் செய்து முடித்தால், புதிய வரைவை எடுத்து உங்கள் தரவை மறுபடி ஓட்டிப் பார்த்துத் திருப்தியா இல்லையா என்று நேராகச் சொல்லுங்கள். மறுத்துவிட்டால் காரணத்தைப் படியுங்கள். எனக்குப் பலமுறை அந்தக் காரணம் சரியாகத்தான் பட்டது, சிலமுறை படவில்லை. முறையான ஆட்சேபம் என்று ஒரு வழி டபிள்யூ3சி நடைமுறையில் இருக்கிறது, அது பெரிய அரிவாள், பெயர்ப் பட்டியலில் ஒரு குறிப்பு வரவில்லை என்பதற்கெல்லாம் அதை உருவாதீர்கள்.

அந்த ‘ஜப்பான்காரன் காலத்துக்கு முன்’ என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதை அழிக்க எங்களுக்கு மனசு வரவில்லை. அந்தக் கோயிலுக்கு வேறு ஆதாரமே கிடையாது, சொன்ன பாட்டிக்கு 1941-க்கு முன் என்பது மட்டும் நிச்சயம். அதனால் ஆண்டு விதியின் தீவிரத்தை ‘வார்னிங்’ ஆக இறக்கினோம், மீறல் இல்லை, எச்சரிக்கை மட்டும். வகுப்பின் பெயரையும் திருத்தி, மற்ற எல்லாப் பிழையையும் களைந்து மறுபடி ஓட்டினோம். அறிக்கை இப்போது ‘இணங்கவில்லை’ என்கிறது. 2017 பதிப்பில் முடிவு ஒன்று வந்தாலே போதும், அது எச்சரிக்கையானாலும் சரி, வெறும் தகவலானாலும் சரி, இணக்கம் போய்விடும். ஒன்றையுமே பார்க்காத அன்றைக்கு ‘இணங்குகிறது’, எல்லாவற்றையும் பார்த்து முடித்த இன்றைக்கு ஒரு பாட்டியின் வார்த்தைக்காக ‘இணங்கவில்லை’. 1.2 வரைவில் இந்தப் பகுதியை இந்த வாரம் உட்கார்ந்து படிக்கப் போகிறேன், அடுத்த கருத்து இதைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், படித்து முடித்த பிறகும் கேட்க ஏதாவது மிச்சம் இருந்தால்.